அம்மா கையெழுத்திட்ட ஒப்பந்தம்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, அம்மாவின் பெயரில் 30க்கு 40 அடியில் ஒரு மனை இருந்தது. அப்பா வேலையில் இருந்த காலத்தில் மாதத் தவணை கட்டி வாங்கியது. அதில் வீடு கட்டுவதென்று 2024ஆம் ஆண்டு ஆவணியில் முடிவு செய்து, மூன்று கட்டுமான நிறுவனங்களிடம் மதிப்பீடு வாங்கினோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மேஸ்திரியை வைத்து, சிமென்ட்டும் கம்பியும் நாமே வாங்கிக் கொடுத்து, தினமும் நின்று பார்த்துக் கட்ட எங்களிடம் ஆள் இல்லை. ஆகவே பொருளும் கூலியும் சேர்த்து முழுப் பொறுப்பையும் நிறுவனத்திடமே விடுவதென்று தீர்மானித்தோம். அவர்களில் ஒருவரோடு ஏழு வாரம் பேசி, ஐப்பசியில் ஒப்பந்தம் போட்டோம். இப்போது அலுவலகத்தில் வீடு கட்டும் எண்ணத்தோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடி என்ன ரேட்டுக்குப் பேசினீங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொன்னால் அவர்களைத் தவறான வழியில் அனுப்பியவளாவேன் என்ற அச்சத்தில்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் நிறுவனம் சொன்ன விலை சதுர அடிக்கு 2,400 ரூபாய். தரைத்தளம் 760 சதுர அடி, முதல் தளம் 720 சதுர அடி, ஆக 1,480. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் என் கணவர் பெருக்கிப் பார்த்து 35 லட்சத்து 52 ஆயிரம் என்றார். எங்கள் கணக்கெல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே ஓடத் தொடங்கியது. மறுநாள் பதினொரு பக்கத்தில் மதிப்பீட்டு அறிக்கையும் ஒப்பந்த வரைவும் வந்தன. இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன. மனை அம்மாவின் பெயரில் இருப்பதால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியவர் அம்மா. அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். "எனக்குப் புரியாத காகிதத்துல நான் எப்படிடி கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டார். நிறுவனத்திடம் தமிழில் ஒப்பந்தம் கேட்டோம். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார்கள். நானே மொழிபெயர்த்துத் தருகிறேன், இருவரும் அதை ஏற்றுக்கொண்டால் அதையே மூல ஒப்பந்தமாக வைத்துக்கொள்வோம் என்றேன். அந்த நிறுவனத்தின் பொறியாளர் இளைஞர். "சரிக்கா, கொண்டாங்க பாப்போம்" என்றார்.

நான்கு இரவுகள் உட்கார்ந்து எழுதினேன். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயிற்சி அதுதான். சில வாக்கியங்கள் உடனே தமிழாயின. சில எவ்வளவு முயன்றும் ஆகவில்லை. 'நல்ல தரமான', 'வழக்கப்படி', 'நியாயமான அளவில்', 'தேவைக்கேற்ப' என்று எழுதி வைத்துவிட்டுத் திரும்ப வாசித்தால், அம்மா என்ன கேட்பாரோ அதே கேள்வி எனக்கே வந்தது: எது தரமானது, யாருடைய வழக்கம், யார் சொல்லும் நியாயம்? தமிழாக மறுத்த சொற்களின் அடியில் சிவப்புக் கோடு போட்டேன். முப்பத்தியிரண்டு இடங்கள் வந்தன. அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் அந்த முப்பத்தியிரண்டு இடங்களைப் பற்றியதுதான்.

முதல் கோடு விழுந்தது 'கட்டடப் பரப்பு' என்ற சொல்லின் அடியில். எங்கள் மனக்கணக்கில் அது 1,480. அவர்களுடைய கணக்கில் மாடிப்படிக்கு மேலே எழும்பும் ஹெட்ரூம் 110 சதுர அடி, போர்டிகோ 120, பால்கனி 50 ஆகியவையும் முழுதாகச் சேர்ந்து 1,760. நான்கு பக்கமும் சுவர் இல்லாத போர்டிகோவுக்கும், அறைக்குள் நான்கு சுவரும் டைல்ஸும் மின் இணைப்பும் உள்ள இடத்துக்கும் ஒரே விலை எப்படி ஆகும் என்று கேட்டோம். இதில் ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறுகிறது. சிலர் திறந்த பகுதிகளைப் பாதியாக எண்ணுகிறார்கள், சிலர் முழுதாக. இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு மூன்றையும் பாதியாக எண்ணச் சம்மதித்தார்கள். பரப்பு 1,620 ஆனது. குறைந்த 140 சதுர அடியின் மதிப்பு 3 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய். சதுர அடிக்கு 50 ரூபாய் குறைத்துக் கேட்டு நாங்கள் முதல் வாரம் முழுவதும் மன்றாடியிருந்தோம். அது கிடைத்திருந்தால்கூட 1,760 சதுர அடிக்கு 88 ஆயிரம்தான் மிச்சமாகியிருக்கும்.

அடுத்ததை நான் கண்டுபிடிக்கவில்லை, என் தாய்மாமா கண்டுபிடித்தார். விருதுநகர்ப் பக்கம் நாற்பது ஆண்டு கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்தவர். முழங்கால் தேய்ந்துபோனதால் வேலையை விட்டுவிட்டார். தமிழ் வரைவை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். 'பேஸ்மென்ட் உயரம், இருக்கும் தரைமட்டத்திலிருந்து 3 அடி' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "மனை ரோட்டை விடப் பள்ளமாத்தானே கெடக்கு?" என்றார். மறுநாள் காலை இருபதடி நீளமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கிக்கொண்டு மனைக்கு வந்தார். பொறியாளரையும் வரச் சொல்லியிருந்தோம். குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே குமிழி நிற்காதபடி தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டு, ஒரு முனையைச் சாலையின் நடுவில் என் கணவரிடம் பிடிக்கக் கொடுத்தார். மறுமுனையைத் தாமே எடுத்துக்கொண்டு கருவேலச் செடிகளுக்கு நடுவே நொண்டி நடந்துபோய், நட்டு வைத்த சவுக்குக் கம்பில் தண்ணீர் நின்ற இடத்தைச் சாக்கட்டியால் குறித்தார். சாலை முனையில் தண்ணீர் தரையிலிருந்து ஓர் அடியில் நின்றது. மனை முனையில் மூன்றடி ஓரங்குலத்தில் நின்றது. சாலைக்கும் மனைக்கும் 2 அடி 1 அங்குலம் வேறுபாடு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி கட்டியிருந்தால் எங்கள் வீட்டுத் தரை சாலையை விட 11 அங்குலம் மட்டுமே உயரமாக இருந்திருக்கும். பழைய தார்மேல் புதுத் தார் போட்டுப் போட்டுத் தெருக்கள் உயர்வதையும், பழைய வீடுகளுக்குள் மழைநீர் இறங்குவதையும் மதுரையில் பார்க்காதவர்கள் இல்லை. "தம்பி, மூணடின்னா ரோட்டுலேர்ந்து மூணடி. அதை எழுதிக் குடுங்க" என்றார் மாமா.

பொறியாளர் மறுக்கவில்லை. ஆனால் கூடுதல் சுவருக்கும் மண் நிரப்புவதற்கும் 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகும் என்றார். அந்தக் கணக்கு நியாயமானது என்று மாமாவே சொன்னார். அப்போது சதுர அடி விலை 2,380க்கு இறங்கி வந்திருந்தது. நாங்கள் இன்னும் 80 ரூபாய் குறைத்து 2,300க்குக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கோரிக்கையை விட்டுவிடுகிறோம், சாலை மட்டத்திலிருந்து 3 அடி என்பதை அதே விலைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றோம். இருவருக்கும் ஏறத்தாழச் சமமான தொகைதான். கைகுலுக்கிய முதல் விஷயம் அது. நிறுவனத்துக்கும் நட்டம் வராமல், நமக்கும் வேண்டியது கிடைக்கும் இப்படிப்பட்ட இடங்கள் ஒப்பந்தத்தில் நிறைய உண்டு. எந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அவை கண்ணில் படும்.

மண் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதி கரிசல். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இந்த மண்ணுக்காகவே அடியில் குமிழ்போல் அகன்ற பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) அஸ்திவாரத்தை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தத்துக்கு முன்பே நாங்கள் பணம் கட்டி மண் பரிசோதனை செய்ததில், 5 அடிக்கும் கீழேதான் கெட்டியான சரளை இருப்பது தெரிந்தது. வரைவிலிருந்த 5 அடி அஸ்திவார ஆழத்தை ஆறரை அடியாக்கி எழுதினோம். கையெழுத்துக்குப் பிறகு குழி தோண்டிய நிலையில் இது தெரிந்திருந்தால் பேரம் பேசும் இடத்தில் நாங்கள் இருந்திருக்க மாட்டோம்.

பொருட்களின் பட்டியலில் ஒவ்வொரு நிறுவனப் பெயருக்குப் பின்னாலும் 'அல்லது அதற்கு இணையான' என்று இருந்தது. எட்டு சிவப்புக் கோடுகள் இந்த ஒரு தொடருக்கே போயின. இணையானது என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டபோது பொறியாளர், "அந்த நேரத்துல கிடைக்கிறதுக்கா" என்றார். அது அவர் மனமறிந்து சொன்ன உண்மை. கம்பிக்கு அதை எழுத்தில் இறுக்குவது எளிதாக இருந்தது: எஃப்இ 500டி என்ற வலிமை வகை, ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தரவிதி, 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, தரவிதி அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வுக்குள். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும் என்று அம்மாவுக்கும் புரியும்படி அடைப்புக்குறிக்குள் எழுதினேன். கான்கிரீட்டுக்கு எம் 20 என்ற வலிமை, தளத்தில் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பி அடிப்பலகையில் ஒட்டாமல் தாங்கும் சிறு கட்டை), தூண்களில் 40 மி.மீ. என்பவை கான்கிரீட்டுக்கான தரவிதி ஐஎஸ் 456 சொல்லும் அளவுகள்; அவற்றையும் எண்ணாகவே எழுதினோம். டைல்ஸ், குழாய், கதவு போன்றவற்றில் 'இணையான' என்பதை எடுத்துவிட்டு, 'உரிமையாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதலுடன்' என்று மாற்றினோம். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு 55 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அது வரியோடு சேர்த்தா, வரி தனியா, கடையில் வாங்கும் விலையா, இறக்கிய விலையா என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டோம்.

வரி விஷயத்தில் நாங்கள் பதறிப்போனோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், 'ஜிஎஸ்டி தனி' என்று இருந்தது. பொருளும் கூலியும் சேர்ந்த கட்டுமான ஒப்பந்தத்துக்கு 18 விழுக்காடு. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசும் ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் அப்போது பொருள் வாங்கும் வரியை நாம் கடையில் கட்டுவோம். அன்று சிமென்ட்டுக்கு 28 விழுக்காடு, 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 18 ஆனது. பாதியை ரொக்கமாகக் கொடுத்தால் வரி வேண்டாம் என்று வேறொரு நிறுவனம் சொல்லியிருந்தது. அதை நாங்கள் ஏற்கவில்லை. கொடுத்ததற்குச் சான்றில்லாத பணத்துக்கு வேலையில் குறை வந்தால் எந்த மன்றத்திலும் கணக்குக் காட்ட முடியாது. ஆக 1,620 சதுர அடி, 2,380 ரூபாய் வீதம் 38,55,600, வரி 6,94,008, மொத்தம் 45,49,608 ரூபாய். சாப்பாட்டு மேசையில் போட்ட 35,52,000க்கும் இதற்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்டப் பத்து லட்சம். வீட்டின் அளவும் மாறவில்லை, விலையும் ஏறவில்லை, சதுர அடிக்கு 20 ரூபாய் இறங்கியும் இருக்கிறது. எங்களோடு பேசுகிறவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் ஒரே காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது பணம் கொடுக்கும் கட்டங்கள். நிறுவனத்தின் வரைவில் கையெழுத்தன்று 20 விழுக்காடு, பேஸ்மென்ட்டில் 20, தரைத்தளத்துக்குக் கூரைத் தளம் போடும்போது 20, முதல் தளத்துக்குக் கூரைத் தளம் போடும்போது 20, பூச்சு வேலையில் 15, சாவி கொடுக்கும்போது 5 என்று இருந்தது. ஒரு கூடை மண் அள்ளுவதற்கு முன் 9 லட்சத்து 10 ஆயிரம் கொடுத்திருப்போம். இரண்டாம் கூரைத் தளம் போட்டு, வீடு வெறும் கூடாக நிற்கும்போது 36 லட்சம் போயிருக்கும். மாமாவின் கணக்கில் அந்த நிலையில் செலவு பாதியைத்தான் தொட்டிருக்கும். பூச்சு, மின்வேலை, குழாய், டைல்ஸ், மரவேலை, வண்ணம் எல்லாம் மிச்சம். என் சித்தி வீட்டில் நடந்தது இதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனம் முக்கால்வாசிப் பணத்தை வாங்கிக்கொண்டு, பூச்சுக்கு முன் வேலையை நிறுத்திவிட்டது. கதவில்லாத அந்த வீட்டில் சித்தப்பா எட்டு மாதம் இரவுக் காவல் படுத்திருந்தார். அந்த நாட்களில் சித்தியின் முகத்தைப் பார்த்தவள் நான். ஆகவே இதில் மட்டும் இறங்கி வருவதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

ஆனாலும் 'உங்களை நம்பவில்லை' என்று ஒருவரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அவரிடமே வீட்டை ஒப்படைக்க முடியாது. இங்கே எங்களுக்கு வங்கி கைகொடுத்தது. வீட்டுக் கடனை வங்கி மொத்தமாகத் தருவதில்லை. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகு பகுதி பகுதியாகத்தான் விடுவிக்கிறது. அந்த விவரத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்கி மேசையில் வைத்தோம். "வேலைக்கு முன்னாடி கொடுக்க எங்க கையில பணம் இல்லை சார், வேலை முடிஞ்சா அவங்க விடுவாங்க" என்று என் கணவர் சொன்னபோது அதில் யாருக்கும் மனக்கசப்புக்கு இடமிருக்கவில்லை. ஆறு கட்டங்கள் பத்தாயின. கையெழுத்தன்று 5 விழுக்காடு என்று நாங்களும், குறைந்தது 10 என்று அவர்களும் நின்று, 8இல் முடிந்தது. இரண்டாம் கூரைத் தளம் போடும்வரை மொத்தம் 58. கடைசிச் சாவிக்கு 10. ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு தருவதாக 5 விழுக்காட்டை நிறுத்திவைக்கக் கேட்டோம். அவர்களுடைய இலாபமே அதில்தான் இருக்கிறது என்றார்கள். 2 விழுக்காட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள், அதாவது 90,992 ரூபாய். சிறு நிறுவனத்துக்கும் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கைப்பணம் வேண்டும். அதை மதித்து, ஒவ்வொரு கட்டம் முடிந்த ஏழு நாளுக்குள் பணம் தரத் தவறினால் வட்டி கொடுப்போம் என்று நாங்களாகவே ஒரு வரியைச் சேர்த்தோம். பேச்சின் இறுக்கம் அந்த வரியில் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மற்றவை அதிகம் இழுக்கவில்லை. மனையில் நூல் பிடித்துக் குறியிட்ட நாளிலிருந்து பத்து மாதம். பதினைந்து நாள் சலுகை. அதற்கு மேல் தாமதமானால் நாங்கள் கொடுக்கும் மாத வாடகை 11,000 ரூபாயை நாள் கணக்கில் கழித்துக்கொள்வது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே தரச் சொல்கிறது; ஆகவே மிரட்டலாகப் பெரிய தொகை எழுதுவதை விட உண்மையான இழப்பை எழுதுவதே நிற்கும். விலையேற்ற விதியில், கையெழுத்தன்று சிமென்ட் மூட்டைக்கும் கம்பி டன்னுக்கும் என்ன விலை என்பதைக் குறித்து, ஏறினாலும் இறங்கினாலும் ஒரே விதி என்று மாற்றினோம். தகராறு வந்தால் நிறுவனம் நியமிக்கும் நடுவரே முடிவு செய்வார், வழக்கு சென்னையில்தான் என்றிருந்ததை நீக்கச் சொன்னோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். நம் மனையில் நமக்காகக் கட்டும் இப்படிப்பட்ட ஒப்பந்தம் ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வராது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒப்பந்தக் காகிதத்தை விட்டால் நமக்கு இருக்கும் பெரிய துணை இந்தச் சட்டம்தான்.

இத்தனை கவனமாக இருந்தும் ஒரு வரியை விட்டுவிட்டேன். 'கட்டுமானத்துக்கான தண்ணீரும் மின்சாரமும் உரிமையாளர் பொறுப்பு' என்பது தெளிவான வாக்கியம். எளிதாகத் தமிழானது, ஆகவே சிவப்புக் கோடு விழவில்லை. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் கான்கிரீட்டுக்குப் பத்து நாளுக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், கலப்பு சிமென்ட்டுக்குப் பதினான்கு நாள்வரை நீட்டுவது நல்லது என்று ஐஎஸ் 456 சொல்கிறது. பதினான்கு நாள் என்று நானே பெருமையோடு எழுதிச் சேர்த்திருந்தேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. பங்குனியில் எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றியது. பக்கத்து மனைக்காரர் தரச் சம்மதித்த தண்ணீர் உப்பு. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பரிசோதித்ததில் அது தாண்டியிருந்தது. முதல் தளம் போட்டதிலிருந்து வெளிப்பூச்சு முடியும்வரை லாரித் தண்ணீருக்கு மட்டும் 46 ஆயிரம் ரூபாய் செலவானது. நிறுவனத்தின் மேல் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, எழுதியிருந்ததைத்தான் கேட்டார்கள்.

கையெழுத்திட்ட அன்று ஒப்பந்தம் பதினாறு பக்கமாக வளர்ந்திருந்தது. நிறுவன அலுவலகத்தில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை. ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, சமையல் மேடையின் உயரம் எழுதவில்லையே என்றார். எனக்கு வைப்பதா உனக்கு வைப்பதா என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவரே 2 அடி 8 அங்குலம் என்று எழுதச் சொன்னார். பொறியாளர் பேனாவால் எழுதி, அருகே இருவரும் சுருக்கொப்பம் இட்டார்கள்.

2025 ஆவணியின் கடைசி வாரத்தில் பால் காய்ச்சினோம். அந்த ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்ததும் மாமா வந்து மொட்டைமாடியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஹெட்ரூம் சுவர் தளத்தோடு சேரும் மூலையில், உள்பக்கம், உள்ளங்கையளவு ஈரம் பூத்திருந்தது. நிறுவனத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆட்கள் வந்து அந்த மூலையைக் கொத்தி, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, மறுபடி பூசினார்கள். பூச்சு காய்ந்ததும் மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, மாடியில் மூன்று நாள் தண்ணீர் தேக்கி வைத்தோம். நான்காம் நாள் காலை மாமா உள்ளே போய் அந்த மூலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, காய்ந்திருக்கிறது என்றார். அன்று மாலை பொறியாளர் வந்தபோது அம்மா காசோலையில் 90,992 ரூபாய் என்று எழுதித் தமிழில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ரசீதை வாங்கி, முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தின் பதினாறாம் பக்கத்துக்குப் பின்னால் கோத்து வைத்தார்.